வெள்ளைச் சுவர்

"உங்க தீம் என்ன சார்?" என்று இன்டீரியர் செய்ய வந்தவர் கேட்டபோது விழித்தேன். மேலச் சித்திரை வீதி வீட்டை விட்டு ஸ்ரீரங்கத்திலேயே ஒரு ஃபிளாட்டுக்கு மாறிய நேரம். பழைய வீட்டில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை எல்லாம் இருந்தன. தீம் இருந்ததாக நினைவில்லை. செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். எல்லாமே பிடித்திருந்தன, அதுதான் சிக்கல். எது பிடிக்கும் என்று கேட்கிறார்களே தவிர, எது இல்லாமல் இருக்க முடியாது என்று யாரும் கேட்பதில்லை. 45 நாளில் முடித்துவிடலாம் என்றார். (சில நூற்றாண்டுகள் மொட்டையாக நின்ற ராஜகோபுரம் 1987-ல்தான் 13 நிலை, 236 அடி என்று முழுசானது. எங்கள் ஊருக்கு இந்த அவசரம் புரியாது.)

முதல் தவறை நானேதான் செய்தேன். திருச்சி சின்னக்கடை வீதியில் பித்தளை உருளி வாங்கி, தண்ணீர் விட்டு, அரளிப் பூ மிதக்கவிட்டேன். "ஏண்டா, இது ஆத்து வாசலா, ஹோட்டல் வாசலா?" என்றாள் அம்மா. நாலாம் நாள் கொசுப் புழு நெளிந்தது. ஸ்ரீரங்கத்துக் கொசுவுக்கு நாம் தனியாக இடம் பார்த்துத் தர வேண்டியதே இல்லை. உருளி இப்போது அக்காரவடிசலுக்கு.

பிறகு, சுவரெல்லாம் வெள்ளை என்று தீர்மானித்தேன். முன்மாதிரி, கிழக்கே இருக்கும் வெள்ளை கோபுரம். 21 கோபுரம் உள்ள கோயிலில் பச்சையும் நீலமும் சிவப்புமாகப் பார்த்துவிட்டு அங்கே வந்தால் கண் குளிரும். யாருக்கோ என்ன ரசனை என்று வியந்திருக்கிறேன்.

"ரசனையாவது! அது வெள்ளையம்மாளுக்காகடா" என்றாள் அம்மா. படையெடுத்து வந்த தளபதியைக் கோபுரத்தின் மேலே அழைத்துப்போய்த் தள்ளிவிட்டு, தானும் குதித்தாள் என்று ஊரில் கதை சொல்வார்களே, அந்த தேவதாசி. இத்தனை வருஷம் அதன் கீழே நடந்தும் எனக்கு நிறம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

அன்று ராத்திரி, பரணில் சாக்கு சுற்றிக் கிடந்த ஊஞ்சல் பலகையை இறக்கினேன். தேக்கு. வலது ஓரத்தில் அப்பாவின் டவரா பதித்த வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. சங்கிலியில் அவர் கை பிடிக்கும் உயரத்துக் கண்ணி மட்டும் வழுவழு. பாலிஷ் போட்டால் புதுசாகிவிடும் என்றார் ஆசாரி. வேண்டாம் என்றேன். கொக்கியைப் பீமில்தான் மாட்ட வேண்டுமாம்; பீமோ ஹாலின் நட்டநடுவில். சோபாவுக்கு இடமில்லை. இன்டீரியர்காரர் நிஜமாகவே வருத்தப்பட்டார். டிவியை எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள்? ஆடிக்கொண்டேதான்.

ஊஞ்சலுக்கு எதிர்ச் சுவரை மட்டும் ஒன்றும் மாட்டாமல் விட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். போன வாரம் வெளியூர் போய்த் திரும்பினால், அங்கே தினசரி காலண்டர். அதே ஆணியில் கரண்ட் பில்லும் நாலைந்து ரப்பர் பேண்டும்.

"ஏகாதசி என்னிக்குன்னு ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்க்கணுமா? இங்க மாட்டினா ஊஞ்சல்லேர்ந்தே தெரியறது."

ஆணி கோணலாக இறங்கியிருந்தது. பிடுங்கி, நேராக அடித்தேன்.