விராலின் பிழை யாருடையது?

ஐம்புலன்களால் அழியும் உயிர்களுக்கு நம் நூல்களில் ஒரு வரிசை உண்டு. ஓசைக்கு அசுணம், ஊறுக்கு யானை, ஒளிக்கு விட்டில், மணத்துக்கு வண்டு, சுவைக்கு மீன். வள்ளுவரும் சூதில் கிடைத்த வெற்றியை, தூண்டில் இரும்பை விழுங்கிய மீனுக்கே ஒப்பிட்டார். நாக்கின் ஆசையால் மீன் கெட்டது என்பது பழைய தீர்ப்பு. விராலுக்கு வீசும் ரப்பர் தவளை அந்தத் தீர்ப்புக்குள் அடங்கவில்லை. அதில் சுவையும் இல்லை, மணமும் இல்லை. நிறமும் அசைவும்தான் இரை.

அந்த நிறத்தையும் மீன் நம்மைப் போலக் காண்பதில்லை. தெளிந்த கடலில் ஆழம் போகப் போக முதலில் மறைவது சிவப்பு. புதுச்சேரிப் பகுதியின் பாகூர் ஏரிபோல வண்டலும் பாசியும் கலந்த நீரிலோ நீலம்தான் முதலில் மங்கும். அமெரிக்கர்கள் விரும்பிப் பிடிக்கும் பாஸ் மீனைப் பழக்கி, இல்லினாய் பல்கலைக்கழகத்தார் அதன் கண்ணைச் சோதித்தார்கள். சிவப்பையும் பச்சையையும் அது நன்றாகப் பிரித்தறிந்தது; பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டது. ஒன்றை வேறொன்றாகக் காணும் இந்தப் பிழையை எண்ணும்போது அதே பாகூரின் பழைய கல்விச்சாலை நினைவுக்கு வருகிறது. பல்லவன் நிருபதுங்கன் 9-ஆம் நூற்றாண்டில் மூன்று ஊர்களைக் கொடையாக விட்ட பாகூர்க் கல்விச்சாலை பதினான்கு வித்தைகளுக்கானது. மரபு எண்ணும் பதினான்கில் நியாயம் என்னும் தர்க்க நூலும் ஒன்று. சிப்பியை வெள்ளி என்பவன் இல்லாத ஒன்றைக் காணவில்லை, வேறெங்கோ கண்ட வெள்ளியை இங்கே ஏற்றிப் பார்க்கிறான் என்பது நியாயத்தின் விளக்கம். விராலும் முன்பு கண்ட தவளையைத்தான் ரப்பரில் ஏற்றுகிறது. ஆனால் சிப்பிக்கு யாரையும் ஏமாற்றும் நோக்கமில்லை. ரப்பர் தவளைக்குப் பின்னால், மீனின் கண்ணுக்கு எது எப்படித் தெரியும் என்று எண்ணி நிறம் தேர்ந்த ஒருவர் நிற்கிறார். பிழை மீனின் கண்ணில் நேர்ந்தாலும் பொறுப்பு அவருடையது.

ஆசை இல்லாவிட்டால் சிக்காதே என்று கேட்கலாம். விராலே அதற்குப் பதில். அதன் இளங்குஞ்சுகள் செந்நிறத் திரளாக நீர்மட்டத்தில் மேயும். பெற்ற மீன் அடியில் காவல் நிற்கும். அந்தத் திரளின் நடுவே தவளையை வீசினால், பசியில்லாத மீனும் பாய்ந்து கவ்வும். அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் குஞ்சைக் காக்கப் பாய்ந்த உயிரைப் புலனடக்கம் இல்லாததற்கு உவமையாக்குவது அநியாயம்.

மீனிடம் மெய் பேச வேண்டுமா என்பது இன்னும் வலுவான கேள்வி. வள்ளுவர் வாய்மையை உள்ளதைச் சொல்வதோடு நிறுத்தவில்லை. எவ்வகைத் தீமையும் இல்லாதவற்றைச் சொல்வதே வாய்மை என்று, தீங்கையே அளவுகோலாக்கினார். தீங்கு யாருக்கு என்று அவர் எல்லை போடவில்லை. ஆகவே மீனுக்கு மொழி இல்லை என்பது நம்மை விடுவிக்காது. உயிருள்ள தவளையை முள்ளில் குத்துவதைவிட ரப்பர் மேல் அல்லவா என்றால், மேல்தான். அங்கே ஓர் உயிரின் வேதனை குறைகிறது. உண்பதற்காகப் பிடிப்பவரை நான் பழிக்கவும் இல்லை. ஆனால் செந்நிறத் திரளைக் கண்ட பிறகும் அங்கே வீசுகிறவருக்கு அறியாமை என்ற சாக்கு கிடையாது. பெற்ற மீன் கரையேறியதும், காவலற்ற அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்னத் தொடங்கும்.