திருப்புளி யார் கையில்?

ஒரு மனிதன் தன் ஓய்வுநேரத்தை எவ்வாறு செலவிடுகிறான் என்பது அவனுடைய சொந்த விஷயம் என்று கூறுவோர் உளர். வேலைநேரத்தைப் பற்றி வேண்டுமானால் சமுதாயம் பேசலாம்; ஓய்வுநேரம் தனிமனிதனின் வளவு, அதன் வேலிக்குள் பிறர் கால்வைக்கலாகாது என்பது இவர்களது வாதம். முதற்பார்வையில் நியாயமாகவே தோன்றும் இக்கூற்றை, நமது குடாநாட்டு வீடொன்றின் விறாந்தையில் வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்புகிறோம்.

வடமராட்சிக் கிராமமொன்றில் நாம் அறிந்த வீடு அது. தந்தை ஓர் இலிகிதர். மாலையில் வீடு திரும்பியதும் விறாந்தை மேசையில் பழைய கணினியொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்துவிடுவார். பிறர் பயனற்றதென ஒதுக்கிய பெட்டி அது. அதன் நினைவகத் தகட்டைக் கழற்றி, தொடுமுனைகளில் படிந்த அழுக்கை அழிறப்பரால் துடைத்து, மீண்டும் பொருத்துவார். உயிரற்றுக் கிடந்த பெட்டி ஓடத் தொடங்கும். பன்னிரண்டு வயது மகன் அருகில் நின்று திருகாணிகளைச் சிரட்டையொன்றில் சேர்த்து வைப்பான். பதினான்கு வயது மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்புவாள்.

நாம் அங்கிருந்த ஒரு மாலையில் அப்பெண் சற்று நின்றாள். “அப்பா, அந்த ஆணியை நான் கழட்டட்டே?” என்று கேட்டாள்.

“நீ போய் அம்மாவுக்கு உதவி செய், பிள்ளை” என்றார் தந்தை.

அது சுடுசொல் அன்று. அன்போடு சொன்னதுதான். மகளும் முகம் வாடாமல் உள்ளே போனாள். ஆயினும், எவரும் எவரையும் கடிந்துகொள்ளாத அந்த ஒரு கணத்தில் ஓர் அறப்பிரச்சினை முழுமையாக அடங்கியிருக்கிறது என்பதே நமது கருத்து.

முதலில் அத்தந்தைக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். “உத்தியோகம் புருஷ லட்சணம்” என்ற பழமொழியைத் தாரக மந்திரமாகக் கொண்ட சமூகம் நம்முடையது. ஆங்கிலக் கல்வி பெற்று, மலாயாவுக்கும் கொழும்புக்கும் எழுதுவேலை தேடிச் சென்றோரின் பரம்பரையில், பேனா பிடிக்கும் கை உயர்ந்தது, உளி பிடிக்கும் கை தாழ்ந்தது என்னும் மனோபாவம் ஊறிப்போயிற்று. கைத்தொழிலைச் சாதியோடு பிணைத்து, கொல்லனையும் தச்சனையும் படிக்கட்டின் கீழே நிறுத்திய சமூக அமைப்பு இம்மனோபாவத்துக்கு உரமிட்டது. அத்தகைய சூழலில் ஓர் இலிகிதர், கையில் கரி படியத் திருப்புளி பிடிக்கிறார் என்றால் அது சிறிய காரியம் அன்று. ஒரு பொருளைத் திறந்து பார்க்கவும், அதன் இயக்கத்தை அறியவும், பழுதானதைத் தானே திருத்தவும் துணிகிறவன், விற்பவனின் தயவில் மட்டும் வாழ மறுக்கிறான்.

இத்துணிவு நமது மண்ணுக்குப் புதியதும் அன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் அது திரும்பவில்லை. பொருளாதாரத் தடையினால் பற்றறி கிடைக்கவில்லை. பெற்றோலும் மண்ணெண்ணெயும் அரும்பொருள்களாயின. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெயும் மெல்லிய திரியும் வைத்த விளக்கின் ஒளியில் ஒரு தலைமுறை படித்தது. செய்தி கேட்க வானொலி வேண்டும். வானொலிக்கு மின்சாரம் வேண்டும். சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி மிதித்து, அதன் டைனமோவைச் சுழற்றி வானொலியை இயக்கினர் நம்மவர். அந்த டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ற்று. நான்கு சிறு பற்றறிகள் தரும் அழுத்தமும் அதுவே. ஆனால் டைனமோவின் மின்னோட்டம் திசை மாறிமாறி வருவது. வானொலிக்கோ ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம் வேண்டும். இடையில் டயோட்டை இணைத்தால் அக்குறை தீரும். இதைப் பெரும்பாலோர் பாடநூலில் கற்கவில்லை, தேவை கற்பித்தது.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அன்று சைக்கிளை மிதித்தவர் யார்? தந்தை மிதித்தார், அவர் களைத்தபோது தாய் மிதித்தாள், பெண்பிள்ளைகளும் மிதித்தனர். ஒருவர் மிதிக்க, வீடு முழுவதும், சில வேளைகளில் அயலும், செய்தி கேட்டது. வறுமையையும் முற்றுகையையும் நாம் போற்றவில்லை. அவை மீண்டும் வரவேண்டுமென எவரும் விரும்பார். எனினும், அந்த இருண்ட காலத்தில் கருவியின் இரகசியம் வீட்டில் ஒருவருடைய தனிச்சொத்தாக இருக்கவில்லை. மின்சாரம் திரும்பியது, கணினி வந்தது, பொழுது கிடைத்தது. அவற்றுடன் மேசையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வேலியொன்றும் வந்து சேர்ந்தது.

ஓய்வுநேர முயற்சிகளின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. குடாநாடு இருளில் இருந்த அதே 1991 இல், ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தம் சொந்தக் கணினியில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கியதே லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கரு. எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் உரிமையுள்ள அந்த ஆக்கமே இன்று உலகின் மாபெரும் கணினிகளை இயக்குகிறது. தமிழிலும் இதற்குச் சான்றுண்டு. சுவிற்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தம் ஓய்வுநேரத்தில் தட்டச்சுச் செய்த தமிழ் நூல்களை உலகுக்கு இலவசமாக வழங்கியது. ஒருவருடைய மாலைப்பொழுது ஒரு மொழிக்கே சொத்தாக முடியும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

ஆனால் அந்த மாலைப்பொழுது எங்கிருந்து வருகிறது? டோர்வால்ட்ஸ் தம் கணினியின்முன் அமர்ந்திருந்த வீடு அவருடைய தாயாரின் வீடு. கார்ல் மார்க்சும் ஏங்கெல்சும் 1845–46 இல் எழுதிய ‘ஜெர்மானியச் சித்தாந்தம்’ என்னும் நூலில், வருங்காலச் சமுதாயத்தில் ஒரே மனிதன் காலையில் வேட்டையாடவும், பிற்பகலில் மீன்பிடிக்கவும், இரவுணவுக்குப் பின் விமர்சனத்தில் ஈடுபடவும் இயலும் என்ற கருத்து வருகிறது. மனிதனை ஒரே தொழிலுடன் கட்டிப்போடாத அக்கனவு மகத்தானது; அது நமது கனவுந்தான். எனினும் அந்த இரவுணவைச் சமைப்பவர் யார் என்பது அங்கே சொல்லப்படவில்லை. முற்போக்காளர்களாகிய நாம் இக்கேள்வியைப் பிறரிடம் கேட்குமுன் நம்மிடமே கேட்டாகவேண்டும்.

ஓய்வு வானத்திலிருந்து பொழிவதன்று. அதுவும் உழைப்பின் விளைபொருளே. விறாந்தையில் ஒருவர் இரண்டு மணி நேரம் அமர்வதற்குக் குசினியில் இன்னொருவர் இரண்டு மணி நேரம் நிற்கிறார். ஆகவே அந்த இரண்டு மணி நேரம் தந்தையின் சொந்த வளவன்று. வீட்டார் அனைவரும் சேர்ந்து விளைவித்த பொதுச்சொத்து. பொதுச்சொத்திலிருந்து விளைந்த அறிவும் பொதுவானதாகவே இருத்தல் வேண்டும்.

பெண்களுக்கு இயந்திரத்தில் நாட்டமில்லை, நாட்டமிருந்தால் அவர்களே வருவார்கள் என்று சிலர் கூறக்கூடும். வரலாறு இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. 1946 இல் அமெரிக்காவில் உலகின் பார்வைக்கு வைக்கப்பட்ட ‘எனியாக்’ என்னும் மின்னணுக் கணினிக்கு நிரல்களை அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அந்நாட்டில் 1980களின் நடுப்பகுதியில் கணினித் துறைப் பட்டம் பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர் பெண்களாயிருந்தனர். பின்னர் அத்தொகை சரிந்து, 2010 அளவில் 20க்கும் கீழே சென்றது. அறிவு குன்றியதா? அன்று. வீட்டுக்குக் கணினி வந்ததே பெருங்காரணங்களுள் ஒன்று. ஜேன் மார்கோலிஸ், அலன் ஃபிஷர் ஆகிய இருவரும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2002 இல் நூலாக வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. வீட்டுக் கணினி பெரும்பாலும் மகனின் அறையில் வைக்கப்பட்டது. தந்தையும் மகனும் அதன்முன் ஒன்றாக அமர்ந்தனர். மகள் எட்டி நின்று பார்த்தாள். பல்கலைக்கழகத்துக்கு வரும்பொழுது மகன் பத்தாண்டு முன்னால் நின்றான். அதைப் பிறவித்திறமை என்று உலகம் நம்பியது. இந்நிலையை மாற்ற அப்பல்கலைக்கழகம் முயன்றபோது, 1995 இல் நூற்றுக்கு 7 ஆக இருந்த புதிய மாணவியரின் தொகை 2000 இல் 42 ஆக உயர்ந்தது. ஐந்தாண்டுகளில் பெண்களின் மூளை மாறிவிடவில்லை. கதவு திறந்தது, அவ்வளவே.

இன்று பெரும் உற்பத்தி நிறுவனங்கள் கைத்தொலைபேசியையும் மடிக்கணினியையும் பசைவைத்து ஒட்டி அனுப்புகின்றன. “நீ திறக்காதே, பழுதானால் எங்களிடம் வா, அல்லது புதிதாக வாங்கு” என்பதே அதன் பொருள். இதற்கெதிராகத் திருத்தும் உரிமை கோரிப் பல நாடுகளில் போராட்டம் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இது குறித்துச் சட்டநெறியொன்றையும் நிறைவேற்றியது. நமது இலிகிதர் இச்செய்தியை நம்மிடம் உற்சாகமாகக் கூறினார். திறக்க முடியாத பெட்டியை விற்பது பகற்கொள்ளை என்றும் சாடினார். முற்றிலும் உண்மை. ஆனால், நிறுவனம் அவருக்கு எதைச் செய்கிறதோ அதையே அவர் தம் மகளுக்குச் செய்துகொண்டிருக்கிறார் என்பதை அவர் உணரவில்லை. பசைவைத்து ஒட்டுவதற்குப் பதிலாக அன்பு வைத்து ஒட்டுகிறார்.

“குடும்பத்துக்குள்ளுமா கணக்குப் பார்ப்பது? அன்பு கணக்கறியாதே” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் கணக்கு இல்லாத வீடு அதுவன்று. அதே கணக்கில் தந்தை பழைய பெட்டியைத் திருத்தினால் ‘ஆராய்ச்சி’. தாய் மண்ணெண்ணெய் அடுப்பைக் கழற்றித் திரி மாற்றினால் அது வெறும் ‘வீட்டுவேலை’. இரண்டும் பழுதறிந்து சீர்செய்யும் ஒரே செயல்தான். ஒன்றுக்குப் பெயர் உண்டு, மற்றதற்கு இல்லை. பெயர் சூட்டாமல் விடுவதும் ஒருவகைச் சுரண்டலே.

இதில் நீதியோடு வீட்டின் நலனும் அடங்கியிருக்கிறது. 1983க்குப் பின் குடாநாட்டிலிருந்து எத்தனை பிள்ளைகள் கடல் கடந்தனர் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மகன். இங்கே முதிய பெற்றோர். மேசையில் அவன் இணைத்துவிட்டுப் போன கருவிகள். ஒரு கம்பி கழன்றாலும் பேரப்பிள்ளையின் முகத்தைக் காணமுடியாது. மகன் அங்கே நித்திரை விழித்துத் தொலைபேசியில் வழிசொல்கிறான். இங்கே எந்தத் துவாரத்தில் எந்தக் கம்பி என்று தெரியாமல் தாய் தடுமாறுகிறாள். அவளோ 1990களில் இரவிரவாக டைனமோ மிதித்தவள். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது பதற்றமின்றி விளக்கேற்றியவள். அவளுக்கு அறிவில்லை என்று யார் சொல்வார்? திருத்தத் தெரிந்தவன் ஒருவன் இருந்த வீடு அது. திருத்தத் தெரிந்த வீடு அன்று. அவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அவன் விமானம் ஏறிய பின்புதான் அறிந்தனர்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே. பாடசாலையில் கணினிப் பாடத்தில் மாணவியர் சிறந்த பெறுபேறு பெறுவது கண்டு நாம் திருப்தியடைந்துவிடுகிறோம். பாடநூலிலுள்ள கணினி வேறு. திறந்துவைத்த பெட்டிக்குள் விரலை வைத்து, பிழைவிட்டு, மீண்டும் முயன்று பெறும் தைரியம் வேறு. அத்தைரியம் வீட்டு மேசையில்தான் விளைகிறது. பிழைவிடும் உரிமையை மகனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, சமத்துவத்தைப் பற்றி மேடையில் பேசுவதில் பொருளில்லை.

அந்த இலிகிதரை நாம் குற்றவாளிக்கூண்டில் ஏற்றவில்லை. அவரைப் போன்றவர்தாம் நாமும். நமது வீடுகளிலும் யாரோ ஒருவர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதனாலேயே இக்கட்டுரை எழுத நமக்குப் பொழுது கிடைத்தது. அவர் செய்யவேண்டியது கடினமானதும் அன்று. மகள் மறுபடி கேட்கும்வரை காத்திராமல் அவளை அழைத்துத் திருப்புளியைக் கையில் கொடுப்பதே. ஆனால் அத்துடன் முடிந்துவிடாது. அவள் விறாந்தையில் அமரும் மாலையில் குசினியில் அகப்பை பிடிப்பது யார் என்ற கேள்வி எழும். அதைத் தாயின் தலையில் மீண்டும் சுமத்தாமல், தந்தையும் மகனும் எழுந்து உள்ளே போவார்களாயின், அந்த வீட்டில் திருத்தப்பட்டது கணினி மட்டும் அன்று.