தரிசு யாருடையது?

பயிர் செய்யாமல் விட்ட நிலத்தில் தானாக முளைப்பது யாருக்கு உரியது? பட்டாவில் எவர் பெயர் உள்ளதோ அவருக்கே என்பது சட்டம் தரும் விடை. அந்த விடையோடு நாமும் நெடுங்காலம் மனநிறைவு கொண்டிருந்தோம். சென்ற ஆண்டு மார்கழியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி அந்த நிறைவைக் குலைத்துவிட்டது.

சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கிச் செல்வோர் சாலையின் இருமருங்கிலும் தரிசு நிலங்களைக் காணாதிருக்க இயலாது. மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளைந்த செம்மண் காடுகள் அவை. மானாவாரி நிலத்தைக் காடு என்று அழைப்பது இப்பகுதி வழக்கு. கிணறு வற்றியது ஒரு காரணம். பிள்ளைகள் லாரிக்கும், விசைத்தறிக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும் போய்விட்டது மற்றொரு காரணம். நிலத்தை இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே விட்டால் பார்த்தீனியம் குடியேறுகிறது; பின்னர் சீமைக் கருவேல் வேர்விடுகிறது.

நம் பங்கிற்கு உரிய மூன்று ஏக்கரும் அந்நிலையில்தான் கிடந்தது. பாம்பு வருகிறது என்று அக்கம்பக்கத்தார் முறையிட்டனர். ஒரு மினி டிராக்டரை வாடகைக்கு அழைத்தோம். அதன் பின்புறம் சுழல்கத்தி பூட்டியிருந்தது. டிராக்டரின் பின் தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல, அந்த விசையால் கனத்த தகட்டின் கீழே கத்திகள் சுற்றுகின்றன. கல்லில் பட்டால் ஒடியாமல் மடங்கிக்கொள்ளும்படி அவற்றைத் தளர்வாகவே பொருத்தியிருக்கிறார்கள். பத்துப் பேர் பல நாள் குனிந்து செய்ய வேண்டிய வேலை அரை நாளில் முடிந்தது. மகிழ்ந்தோம்.

மாலையில் ஒரு மூதாட்டி அரிவாளும் சாக்குமாக வந்து வரப்பில் நின்றார். "சாமி, காட்டைச் சுத்தம் பண்ணிப்போட்டீங்க. நாளைக்கு நாலு ஆட்டுக்கு நான் எங்கீங்க போவேன்?" என்றார். அது குற்றச்சாட்டு அன்று. உண்மையிலேயே வழி கேட்ட வினா. விடை நம்மிடம் இல்லை. மழை ஓய்ந்தபின் வெட்டுண்ட புல் கோடை மழை வரை தழைக்கவில்லை. பார்த்தீனியமோ அடிக்கட்டையிலிருந்து விரைவிலேயே துளிர்த்தது. பங்குனிக்குள் அவர் இரண்டு ஆடுகளை விற்றுவிட்டார் என்று பின்னர் அறிந்தோம்.

சும்மா கிடந்த நிலம் என்று நாம் எண்ணியது சும்மா கிடக்கவில்லை. இதை நாம் ஏன் காணவில்லை?

நிலத்தை விளைச்சலால் மட்டும் அளக்கும் பழக்கம் நம்மிடம் ஊறியிருப்பது ஒரு காரணம் எனலாம். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தனர். ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. அத்தகைய கணக்கில் பயிரில்லாத நிலம் வெறும் நிலமாகத் தோன்றுவது இயல்பு.

ஆனால் நம் முன்னோர் வேறு கணக்கும் அறிந்திருந்தனர். காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காட்டைப் பாருங்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் அந்நிலம் கைவிடப்பட்டதன்று, மேய்ச்சலுக்கென்றே பேணப்படுவது. நம் சேலம் மாவட்டத்து மேச்சேரிச் செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் பெயர்பெற்ற இனங்கள். மேச்சேரி இனத்துக்கென 1978-இல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையமே அமைக்கப்பட்டது. இவ்வாடுகளை வளர்ப்போருள் பலருக்குச் சொந்தக் காடு கிடையாது. பிறருடைய தரிசே அவர்களுடைய மேய்ச்சல்.

மறைநூலும் இதை அறிந்திருக்கிறது. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடவேண்டும் என்னும் கட்டளைக்கு விடுதலைப் பயண நூல் கூறும் காரணம் மண்ணின் வளம் அன்று. தானாக விளைவதை ஏழைகள் உண்ணவேண்டும். அவர்கள் விட்டதைக் காட்டுவிலங்குகள் உண்ணவேண்டும் என்பதே காரணம். உரிமையாளரின் கை ஓய்ந்திருக்கும் நிலத்தில் ஏழையின் பங்கு தொடங்குகிறது.

அப்படியானால் பார்த்தீனியத்தையும் வளரவிடலாமா என்று வாசகர் கேட்கலாம். கூடாது. 1950-களில் பூனாவில் காணப்பட்டு நாடெங்கும் பரவிய அச்செடி தோலை அரிக்கிறது, மூச்சைத் திணறவைக்கிறது, ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கிறது. அதைப் பூக்குமுன் அகற்றுவது அயலார்க்கு நாம் செய்யும் கடமை. இயந்திரத்தைக் குறைகூறுவதும் நம் நோக்கமன்று. வெயிலில் நாளெல்லாம் குனிந்து முதுகு ஒடிந்த பெண்களை அறிந்த எவரும் அதைப் பழிக்கமாட்டார்.

குறை வேறிடத்தில் உள்ளது. அரிவாளோடு குனிபவர் வெட்டுமுன் பார்க்கிறார். இது கொழுக்கட்டைப் புல், இது பார்த்தீனியம், இது கௌதாரி முட்டையிட்ட குழி என்று அவர் கண் பிரித்தறிகிறது. டிராக்டரின் இருக்கையிலிருந்து எல்லாம் ஒரே பச்சை. கோதுமையும் களைகளும் பற்றிய உவமையில் தலைவர் பணியாளரைத் தடுத்தது களையின்மேல் இரக்கம் கொண்டன்று. பிடுங்கும் கை கோதுமையையும் சேர்த்துப் பிடுங்கிவிடும் என்பதால் அன்றோ? நிலத்தைத் திருத்தும் உரிமை நமக்கு உண்டு. அதில் யார் பிழைக்கிறார்கள் என்று அறியாமலிருக்கும் உரிமை இல்லை. இயந்திரம் நம் உழைப்பைக் குறைக்கலாம். பார்க்கும் கடமையை அது குறைப்பதில்லை. வெட்டும்போது பார்க்க இயலாது எனில், வெட்டுமுன் பார்த்தாக வேண்டும்.

இவ்வாண்டு புரட்டாசியில், பார்த்தீனியம் பூக்குமுன் அதே டிராக்டரை அழைத்தோம். அதற்கு முந்தின நாள் அந்த மூதாட்டியோடு காட்டைச் சுற்றி நடந்தோம். எங்கே நல்ல புல் உள்ளது என்று அவர் காட்டினார். அங்கெல்லாம் குச்சி நட்டோம். வேலியோரத்தில் ஒரு பட்டையை வெட்டாமல் விட்டோம். பறவையும் முயலும் ஓரத்துக்கு ஓடித் தப்பும்படி நடுவிலிருந்து வெளிநோக்கி வெட்டுமாறு ஓட்டுநரிடம் சொன்னோம். இவை அனைத்துக்கும் கூடுதலாகச் செலவானது ஒரு மாலைப்பொழுதே.

அவரிடம் இப்போது இரண்டு ஆடுகள் இருக்கின்றன. நான்கு இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு மாலையை நாம் சென்ற ஆண்டே செலவிட்டிருக்கலாம்.