பிளாஸ்டிக் புல்லும் பூனையின் ஹக்கும்

சென்னையில் அடுக்குமாடிக் கட்டடமொன்றின் நான்காவது மாடியில் வசிக்கும் நண்பரின் இல்லத்துக்குக் கத்திரி வெயில் நாளொன்றில் செல்ல நேர்ந்தது. லுஹருக்குப் பின் உணவருந்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் நம்மைப் பால்கனிக்கு அழைத்துச் சென்று, புதிதாக விரித்திருந்த புல்தரையைப் பெருமையுடன் காட்டினார். பச்சைப் பசேலென்றிருந்தது. குனிந்து தொட்டோம், கை சுட்டது. அத்தனையும் பிளாஸ்டிக். வீட்டுப் பூனைக்காக வாங்கிப் போட்டாராம். பூனை எங்கே என்று கேட்டோம். அது உள்ளே குளியலறை வாசலில், ஈரத் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துக் கிடந்தது.

அப்போது அவருடைய எட்டு வயது மகன் கேட்டான்: "ஹஜ்ரத், அது பொய்ப் புல்லுன்னு பூனைக்குத் தெரியுமா?"

தகப்பனார் சிரித்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கிதாபுகளைப் புரட்டிய நமக்குத் தோன்றாத கேள்வி அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

ஒரு தாய் தன் குழந்தையை ஏதோ தருவதாகச் சொல்லி அழைத்தபோது, என்ன கொடுக்க எண்ணினாய் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததும், பேரீச்சம்பழம் என்று அவர் சொன்னபின், ஒன்றும் கொடாதிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என எச்சரித்ததும் அபூதாவூதில் காணப்படும் செய்தி. வாயில்லா ஜீவனிடம் காட்டும் பொய்ப் புல்லையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா? நாம் யோசித்துப் பார்த்த வரையில், வேண்டியதில்லை. பூனை ஏமாறவே இல்லை. ஒருமுறை முகர்ந்ததுமே அதற்கு உண்மை விளங்கிவிட்டது. பச்சை நிறத்தைக் கண்டு, பூனைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று மன அமைதி அடைந்தவர் நம் நண்பர்தாம். அவரை மட்டும் குறை சொல்வானேன்? கூண்டுக்குள் பிளாஸ்டிக் பூவைச் செருகிக் கிளி வளர்க்கும் வீடுகள் நமது மஹல்லாவிலும் உண்டு.

பூனையைக் கட்டி வைத்துக் கொன்ற பெண்ணின் செய்தியை அறியாத முஸ்லிம் வீடு இராது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவள் தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தேடித் தின்னும்படி அவிழ்த்தும் விடவில்லை. ஆக, அந்தப் பூனைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று அவளுடைய கை, மற்றொன்று அல்லாஹ்வின் பூமி. நான்காவது மாடியில் கதவைச் சாத்தி வளர்க்கும்போது இரண்டாவது வழியை நாமே அடைத்துவிடுகிறோம். அப்படியானால் பூமி அதற்குக் கொடுத்துவந்த அனைத்தும் நம் பொறுப்பில் வந்து விழுகிறது. இதைக் கொண்டு வளர்ப்பதே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. சிறுவர் அபூ உமைர் (ரலி) ஒரு சிறு குருவி வைத்திருந்ததும், நாயகம் அவர்கள் அதைத் தடுக்காமல் அவரிடம் கொஞ்சிப் பேசியதும் ஸஹீஹான செய்தி. ஷாஃபிஈ இமாம்களில் பேர்பெற்ற இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 660-ல் மறைந்தவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள ஹக்குகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். கிழடாகிப் பயனற்றுப் போனாலும் தீனி போட வேண்டும் என்பது அதில் ஒன்று. அது படுக்கும் இடத்தை நல்லதாக அமைக்க வேண்டும் என்பது மற்றொன்று. யாருடைய கண்ணுக்கு நல்லதாக என்பதே இங்கு வழக்கு.

இந்தச் செயற்கைப் புல் முதலில் பெயர் பெற்றது மனிதர் விளையாடுவதற்காக. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக் கூரை வேய்ந்த மைதானத்தில், வெளிச்சமின்றி மெய்ப் புல் பட்டுப்போகவே, 1966-ல் இதை விரித்தார்கள். மெய்ப் புல் தன் ஈரத்தை ஆவியாக விட்டுத் தானும் குளிர்ந்து தரையையும் குளிர்விக்கும். பிளாஸ்டிக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். பூனை மண்ணைப் பறித்துத் தன் கழிவை மூடும் சுபாவமுள்ளது. இதில் எதைப் பறிக்கும்? புல்லைக் கடிக்கும் பழக்கமும் அதற்குண்டு. பிளாஸ்டிக் இழையைக் கடித்து விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும். முயல் வளர்ப்போர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது கண்டதையெல்லாம் கொறிக்கும்.

தஹாரத் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பூனையின் எச்சில் நஜீஸல்ல, சிறுநீர் நஜீஸ். நஜீஸான மண் தரை காய்ந்து அடையாளம் போய்விட்டால் தொழுவதற்குச் சுத்தம் என்று ஹனஃபி மத்ஹபில் சலுகை உண்டு. முளைத்து நிற்கும் புல்லும் அதில் சேரும். விரித்துச் சுருட்டும் பிளாஸ்டிக் புல் அதில் சேராது. பார்வைக்குப் புல்லானாலும் சட்டத்தில் அது பாய்தான். கழுவியே ஆக வேண்டும். ஷாஃபிஈகளுக்கோ மண் தரையையும் நீரூற்றித்தான் சுத்தமாக்க வேண்டும். காவலுக்கு நாய் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கட்டும். அதன் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவுவதில் ஒருமுறை மண் கலக்க வேண்டும். மண் தரைக்கு மட்டும் மேலும் மண் வேண்டாம் என்பார்கள் நம் இமாம்கள். பிளாஸ்டிக் விரிப்புக்கு மண்ணைத் தேடிப் போயாக வேண்டும்! அன்றாடம் கழுவாவிட்டால் இழைகளின் அடியில் தேங்கி நாறும். கழுவினாலோ, அந்த நீர் எங்கே வடிகிறது? கீழ்வீட்டாரின் கொடித் துணிமீது சொட்டினால் அண்டை வீட்டாரின் ஹக்கு கெடும். நண்பரிடம் இதைக் கேட்டபோது, கீழ்வீட்டு அம்மையார் இரண்டு முறை வந்து முறையிட்டதாக ஒப்புக்கொண்டார்.

ஆகவே இதை வாங்குவது ஹராமென்று எழுத நம்மிடம் ஆதாரம் இல்லை. நிழலுள்ள இடத்தில், நீர் முறையாக வடியும் வசதியோடு, வழுக்கும் டைல்ஸ் தரையில் பிராணி சறுக்காமலிருக்க விரித்தால் அது பயனுள்ள விரிப்பு. அதற்குமேல் அதைக் கணக்கில் எழுத வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னோம். அகலமான மண்தொட்டியில் அருகம்புல் நட்டு வைக்கவும், மணல் நிரப்பிய தட்டு ஒன்றைத் தனியே வைக்கவும், பால்கனிக்குப் பூனை விழாதபடி வலை கட்டி மாலை வேளையில் திறந்துவிடவும் யோசனை கூறினோம். செலவு அந்த விரிப்பைவிடக் குறைவு. ஆனால் தினமும் யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும், மணலை அள்ளி மாற்ற வேண்டும். அங்கேதான் நண்பர் தயங்கினார்.

தண்ணீர் ஊற்றும் வேலையை மகன் ஏற்றுக்கொண்டான். சென்ற வாரம் தொலைபேசியில் பேசினான். அருகம்புல் முளைத்துவிட்டதாம், பூனை அதன் நுனியைக் கடித்துவிட்டுத் தொட்டிக்குள்ளேயே ஏறிப் படுத்துக்கொள்கிறதாம், புல்லெல்லாம் நசுங்கிவிட்டது, வேறு தொட்டி வாங்கச் சொல்லி வாப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள் என்றான்.