அணுகுண்டு மீதான ஐயமும் அளவைகளும்

அணுகுண்டு என்று ஒன்று இல்லை, அணுப்பிளவின் தொடர்வினை வல்லரசுகள் கட்டிவிட்ட கதை, ஹிரோஷிமாவும் நாகசாகியும் தீக்குண்டுகளால் எரிக்கப்பட்ட நகரங்கள் என்று வாதிடும் சிறு கூட்டம் ஒன்று உலகில் உண்டு. இந்த வாதத்தின் ஒரு வேர் 1946இலேயே தெரிகிறது. ஹிரோஷிமாவை நேரில் பார்த்துத் திரும்பிய அமெரிக்க விமான வல்லுநர் அலெக்சாண்டர் டி செவர்ஸ்கி, இருநூறு பி-29 விமானங்கள் தீக்குண்டு பொழிந்தாலும் அதே அழிவு நேர்ந்திருக்கும் என்று எழுதினார். அவர் குண்டை மறுக்கவில்லை. அதன் வலிமையை ஊதிப் பெருக்கிவிட்டார்கள் என்பதே அவர் வாதம். பின்வந்தவர்கள் ஒப்பீட்டை எடுத்துக்கொண்டு குண்டை விட்டுவிட்டார்கள்.

அறிவு வரும் வழிகளை இந்தியத் தருக்க மரபு அளவைகள் என்கிறது. உலகாயதர் காட்சி ஒன்றையே ஏற்றனர். பௌத்தத் தருக்கவாதிகள் அதோடு கருதலையும், சைவ சித்தாந்திகள் நம்பத்தக்கவர் சொல்லான உரையையும் சேர்த்துக்கொண்டனர். அணுகுண்டை மறுப்பவர் உலகாயதர் போலத் தோன்றினாலும் அவர் உண்மையில் தாக்குவது உரையளவையைத்தான். சோதனைப் படங்களும் அளவீடுகளும் ராணுவங்களிடமிருந்து வந்தவை. பிறரை அச்சுறுத்துவதில் ஆதாயம் உள்ளவர் சொல்லை எப்படி நம்புவது என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது. ஆனால் சாட்சிக்கு ஆதாயம் உண்டு என்று காட்டினால் அந்தச் சாட்சியம் வலுவிழக்கும், அவ்வளவுதான். அவர் சொன்னது பொய் என்று அதனாலேயே நிறுவப்பட்டுவிடாது.

நன்கு கற்றவர்களும் ஐயப்பட்டிருக்கிறார்கள். அணுவிலிருந்து பயன்படும் ஆற்றல் கிடைக்கும் என்ற பேச்சை 1933இல் இயற்பியலாளர் ரதர்ஃபோர்டு வெறும் பிதற்றலாகவே கருதினார். 1945 ஆகஸ்ட் 6 அன்று, கேம்பிரிட்ஜுக்கு அருகே ஃபார்ம் ஹால் என்ற வீட்டில் அடைத்துவைக்கப்பட்டிருந்த பத்து ஜெர்மன் விஞ்ஞானிகள் ஹிரோஷிமா செய்தியைக் கேட்டனர். சுவர்களில் ஒட்டுக்கேட்கும் கருவிகள் இருந்ததால் அவர்கள் பேசியது பதிவாகியிருக்கிறது. அவர்களில் ஒருவரான ஹைசன்பெர்க் முதலில் நம்பவில்லை. குண்டுக்கு யுரேனியம்-235 டன் கணக்கில் வேண்டியிருக்கும் என்பது அவர் மனத்தில் இருந்த கணக்கு. சில நாட்களில் அந்தக் கணக்கைத் திருத்தி, குண்டு எப்படி வேலை செய்திருக்கும் என்று உடனிருந்தவர்களுக்கு விளக்கினார். அவருடைய ஐயம் ஓர் எண்ணைப் பற்றி நின்றது. எண் மாறியதும் ஐயமும் போயிற்று. எந்த எண் மாறினால் தம் ஐயம் நீங்கும் என்று இன்றைய மறுப்பாளர் சொல்வதில்லை. இரண்டு ஐயங்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

மறுப்பாளர் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்றுக்கு இயற்பியலில் தெளிவான விடை உண்டு. தொடர்வினை உண்மையானால் அணுஉலை ஏன் குண்டுபோல வெடிப்பதில்லை? ஒரு யுரேனியம்-235 அணுக்கரு பிளந்தால் சராசரியாக இரண்டரை நியூட்ரான்கள் வெளிப்படும். செறிவூட்டிய உலோகத்தில் அவை நொடியின் கோடியில் ஒரு பங்குக்குள் அடுத்த பிளவை உண்டாக்கிவிடும். இப்படி எண்பது முறை இரட்டித்தால் போதும், ஒரு நகரம் அழியும். உலையில் எரிபொருளின் செறிவு குறைவு. மேலும், நியூட்ரான்களில் ஏறக்குறைய 0.65 சதவீதம் சில நொடிகள் தாமதித்தே வருகின்றன. பெருக்கம் அந்தத் தாமத நியூட்ரான்களை நம்பி நடக்கும்படி உலையை அமைப்பதால் கட்டுப்பாட்டுத் தண்டுகளை நகர்த்த நேரம் கிடைக்கிறது. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் ஃபெர்மி இயக்கிய முதல் உலையின் ஆற்றல் அரை வாட்தான்.

அரசுகளின் உரையைத் தள்ளிவிட்டாலும் கருதலளவை எஞ்சுகிறது. புகையைக் கண்டு நெருப்பை அறியும் வழி அது. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகில் விழுந்து, அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். குண்டின் அமைப்பை அமெரிக்கா மறைத்தது. சாம்பலைப் பகுத்த ஜப்பானிய வேதியியலாளர்கள் அதில் யுரேனியம்-237ஐக் கண்டனர். வேகமான நியூட்ரான்கள் யுரேனியம்-238ஐத் தாக்கும்போது உண்டாகும் பொருள் அது; எந்தத் தீக்குண்டும் அதைத் தராது. சோதனைகளால் 1960களில் வடகோளக் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரட்டித்தது. அந்த ஏற்றம் மரவளையங்களிலும் பல் எனாமலிலும் பதிந்திருக்கிறது.

மனிதர் எவரும் சாட்சி சொல்லாத சான்று ஒன்று ஆப்பிரிக்காவில் கிடைத்தது. 1972இல் பிரான்சில் கபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத் தாதுவைச் சோதித்தவர்கள், 0.720 சதவீதம் இருக்க வேண்டிய யுரேனியம்-235 அதில் 0.717 மட்டுமே இருப்பதைக் கவனித்தனர். குறைந்த பங்கு எரிந்து போயிருந்தது. தாதுவிலிருந்த நியோடிமியத்தின் ஐசோடோப்பு விகிதங்கள் அணுப்பிளவு தரும் விகிதங்களோடு பொருந்தின. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன், யுரேனியம்-235இன் பங்கு 3 சதவீதத்துக்கு மேல் இருந்த காலத்தில், நிலத்தடி நீர் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க, தொடர்வினை அங்கே தானாகவே நடந்திருக்கிறது. இப்படி நடக்கக்கூடும் என்று வேதியியலாளர் பால் குரோடா 1956இலேயே கணித்திருந்தார்.

இத்தனைக்குப் பிறகும் ஐயத்துக்கு இடம் உண்டு, வேறு அளவில். 1998 பொக்ரான் சோதனையில் வெப்ப அணுக்கருவி எதிர்பார்த்த ஆற்றலைத் தரவில்லை என்று அதில் பங்கேற்ற கே. சந்தானம் 2009இல் கூறினார். அணுசக்தித் துறை அதை மறுத்தது. 1992க்குப் பின் அமெரிக்கா வெடிப்புச் சோதனை நடத்தவில்லை. கிடங்கில் மூப்படையும் அதன் குண்டுகள் வடிவமைத்தபடி வெடிக்குமா என்பதைக் கணினி மாதிரிகளும் பகுதிச் சோதனைகளுமே இன்று சொல்கின்றன.