தாளக்காரரின் முதல் வாத்தியம்

விநாயகர் சதுர்த்திக்குப் பல வாரங்கள் முன்பே புனேயின் முட்டா ஆற்றங்கரை ஒத்திகையால் அதிரத் தொடங்கிவிடும். அலுவலகமும் கல்லூரியும் முடித்து வரும் ஆண்களும் பெண்களும் இடுப்பில் டோல் என்னும் பெரிய மேளத்தைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கழுத்தில் தாஷா என்னும் சிறு மேளத்தைத் தொங்கவிட்டவர் மெல்லிய குச்சிகளால் தாளத்தைத் தொடங்கிவைப்பார். இவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வாசிப்பவர்கள் அல்லர். பக்தியும் ஆசையுமே இழுத்து வருகின்றன.

2024 ஆகஸ்டில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், இரைச்சலைக் கட்டுப்படுத்த, ஒரு டோல்-தாஷா குழுவில் 30 பேருக்கு மேல் கூடாது என்றது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தெருவாசிகளின் நிம்மதியா, ஊரின் மரபா என்று வாதாடிய நாம், வாசிப்பவரின் காதை எண்ணிப் பார்த்தோமா? முழக்கத்துக்கு மிக அருகில் இருப்பது அந்தக் காதுதான்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் சட்டம் அனுமதிப்பது 55 டெசிபல். சிலைகளைக் கரைக்கும் விசர்ஜன நாளில் புனேயின் லட்சுமி சாலையில் 100 டெசிபலைத் தாண்டிய அளவுகள் பதிவாகியுள்ளன. 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷின் கணக்கு. அப்படியானால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான்.

உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருளுக்குள் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. ஒத்திகை முடிந்த இரவு காதுக்குள் 'ஙொய்' என்று ஒலிக்கும், காலையில் அடங்கிவிடும். 'சரியாகிவிட்டது' என்று நினைக்கிறோம். சேதம் மிச்சமிருக்கலாம். முதலில் போவது கீச்சொலிகளைக் கேட்கும் திறன். வலி இல்லாததால் இழப்பு தெரிவதில்லை. பின்னாளில் கூட்டத்தில் எதிரே இருப்பவர் பேசுவது கேட்கும், புரியாது.

ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே உள்ள மௌனத்தைக் கேட்பவருக்கே தாளம் வசப்படும். ஆகவே தாளக்காரரின் முதல் வாத்தியம் செவி. டோலின் தோல் கிழிந்தால் மாற்றலாம். செவிக்கு அந்த வசதி இல்லை.

காதைக் காப்பது பக்திக்குக் குறைவல்ல. பஞ்சு போதாது, முறையான காதடைப்பான் வேண்டும். அதைப் போட்டுக்கொண்டும் தாளம் தவறாமல் வாசிக்கலாம். இடையிடையே ஓய்வு, ஆண்டுக்கொரு செவிப் பரிசோதனை. குழுத் தலைவர்களே, டோல் கொடுக்கும் கையாலேயே காதடைப்பானையும் கொடுங்கள்.