கடதாசிக் குறியும் பார்த்தசாரதியும்

புத்தளம் கரையோரத்து உடப்பில் திரௌபதை அம்மன் பார்த்தசாரதியோடு சேர்ந்தே கோயில் கொண்டிருக்கிறாள். ஆண்டுதோறும் தீமிதிப்புக் காணும் அந்த மீனவ ஊரில், அம்மனை வில்லால் வென்றவனையும் அவனுக்குத் தேரோட்டியவனையும் பிரித்து நினைக்க முடியாது. கடமையைச் செய், பலனில் பற்று வைக்காதே என்பது அந்தத் தேரோட்டியின் வாக்கு. ஒரு வில்லாளியிடம் இதைச் சொன்னதுதான் சிக்கல். அம்பு எங்கே தைத்தது என்று பாராதவன் வில்லாளியாகவே ஆக முடியாதே. அப்படியானால் பற்றறுப்பது என்பது பலனைப் பாராதிருப்பதா? இல்லை, பலனை உள்ளபடி பார்க்கப் பழகியவருக்கே பற்று விடும் என்பது என் துணிபு.

தொலைநோக்கி பூட்டிய ரைபிளைக் குறிக்குச் சரிசெய்யும் வேலையைப் பாருங்கள். அதற்கு முழுக் கறுப்பு வட்டம் உதவாது. தொலைநோக்கிக்குள் தெரியும் கறுப்புக் குறுக்குக்கோடு அதில் கரைந்துவிடும். வெள்ளைத் தாளில் தடித்த கோட்டால் ஒரு சதுரம் வரைந்து, உள்ளே வெறுமையாக விட்டு, மூலை மேலே வரும்படி சாய்த்து ஒட்டினால், குறுக்குக்கோட்டின் நான்கு கைகளும் நான்கு மூலைகளில் பொருந்தும். இம்மி விலகினாலும் கண்ணுக்குப் படும். பின்னால் அட்டை வைத்தால் துளை கிழிசலின்றி விழும். 100 மீற்றரில், தொலைநோக்கியின் கால் கோண நிமிடத் திருகின் ஒரு சொடுக்கு சன்னத்தை ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நகர்த்தும். ஆனால் முதல் துளையைக் கண்டதுமே திருகில் கைவைக்கக் கூடாது. அதே புள்ளிக்கு மூன்று, ஐந்து தடவை சுட வேண்டும். துளைகள் ஒன்றையொன்று நெருங்கி, நடுவிலிருந்து மட்டும் விலகியிருந்தால் திருகினால் போதும். சிதறியிருந்தால் குறை சுடுபவரிடமோ துவக்கிலோ தோட்டாவிலோ இருக்கிறது, திருகிப் பயனில்லை. ஒவ்வொரு துளைக்கும் ஒரு திருகு என்று துரத்துபவர் நடுவை எட்டமாட்டார். அந்த அவசரம்தான் பற்று. சிதறிய தாளைக் கிழித்தெறிந்துவிட்டு நல்ல தாளை மட்டும் எடுத்து வைப்பதும் பற்றுத்தான்.

தாளில் இது சரி, எதிரே உயிர் நிற்கும்போது பலனை நிதானமாகப் பார்ப்பது கல்நெஞ்சம் அல்லவா என்று கேட்கலாம். கால் நூற்றாண்டுக்கு மேல் போர் கண்ட நாட்டில் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பாரதமும் தள்ளவில்லை. துரோணர் மாணவரைச் சோதிக்க மரத்தில் வைத்தது சிற்பிகள் செய்த பறவை; சுயம்வரத்துக் குறியும் உயரத்தில் பொறியாக அமைத்ததுதான். தவறினாலும் யாருக்கும் நோகாத குறிகளில் தேறிய அர்ச்சுனன், பாட்டனும் ஆசானும் எதிரே நின்றபோது காண்டீவத்தை நழுவவிட்டான். குறி தவறாமல் எய்யும் திறமை, எய்யலாமா என்ற கேள்விக்கு விடை தரவில்லை. தாளும் துவக்கு சரியென்று காட்டுமே தவிர, சுடுவது சரியென்று காட்டாது.

அப்படியிருக்க, பற்றில்லாமல் எய் என்ற வாக்கு கொலைக்குத் துணிவூட்டும் என்று அஞ்சுவோர் உண்டு. பலனைப் பாராதே என்று அதற்குப் பொருள் கொண்டால் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் வியாசர் வெற்றியோடு ஏட்டை மூடவில்லை. ஸ்திரீ பருவத்தில் தாய்மாரும் மனைவிமாரும் களத்தில் பிணங்களைத் தேடி அழுகிறார்கள். மாண்டவர் எத்தனை பேர் என்று திருதராட்டிரன் கேட்கும்போது, வென்ற தருமன்தான் கணக்குச் சொல்கிறான். பிறகு அரசே வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்கிறான்.